பூட்டில்லா ரிங் பஃபரில் நிகழ்வுகளுக்கு நேர முத்திரை இடுவது எப்படி

கர்னல் டிரேசிங்குக்காக, அதாவது இயங்குதளத்தின் கருவான கர்னலில் நடப்பவற்றை நிகழ்வு நிகழ்வாகப் பதிவதற்காக, ரிங் பஃபர் (நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும் வட்டச் சேமிப்பிடம்) எழுத முனைபவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான். கடிகாரத்தைப் படிப்பதும் பஃபரில் இடம் பிடிப்பதும் இரண்டு தனித்தனிச் செயல்கள். அவற்றை ஒரே அட்டாமிக் செயலாக, அதாவது நடுவில் எதுவும் நுழைய முடியாத செயலாக, இணைத்துச் செய்ய நம்மிடம் வழியில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இண்டரப்ட் (ஓடும் நிரலை நிறுத்திவைத்துத் தன் வேலையைச் செய்யும் குறுக்கீடு) நுழைந்து தன் நிகழ்வைப் பதிந்துவிட்டுப் போனால், முன்னரே படிக்கப்பட்ட நேரத்தைச் சுமக்கும் நிகழ்வு பஃபரில் பின்னால் போய் அமர்கிறது. வாசிப்பவருக்குக் காலம் பின்னோக்கி ஓடியதாகத் தெரிகிறது. ஒரு தாமதம் எங்கே ஏற்பட்டது என்று தேடுபவரிடம் இப்படிப்பட்ட பதிவைக் கொடுப்பது, பதிவே கொடுக்காமல் இருப்பதைவிடக் கெடுதலானது.

பூட்டு போட்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுதும்படி செய்து, இதைத் தவிர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் டிரேசிங் நிரல் எந்தச் சூழலிலும் ஓட வேண்டியது. மறைக்கவே முடியாத இண்டரப்டான என்எம்ஐ, பூட்டைக் கையில் வைத்திருக்கும் நிரலின் நடுவிலேயே வந்து அதே பூட்டைக் கேட்டால் அந்த சிபியு அங்கேயே உறைந்துவிடும். சாதாரண இண்டரப்டுகளை மட்டும் நிறுத்திவைக்கலாம் என்றாலோ, நாம் அளக்க வந்த நடத்தையையே நம் கருவி மாற்றிவிடும். ஆகவே பூட்டு இல்லாமல்தான் செய்தாக வேண்டும்.

இந்த வழிகாட்டிக்கு லினக்ஸ் கர்னலின் டிரேசிங் கருவியான எஃப்டிரேஸ் பயன்படுத்தும் ரிங் பஃபரையே மாதிரியாகக் கொள்கிறேன். ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிய இது 2008 இறுதியில் வெளியான 2.6.28 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. எழுதும் பக்கம் 2009-இல் பூட்டில்லாததாக மாறியது. அதன் நேர முத்திரை முறை 2020-இல் பெரிதும் திருத்தி எழுதப்பட்டது. அந்தத் திருத்தத்துக்கு முன்பு, ஒரு நிகழ்வை எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட்ட இண்டரப்டின் நிகழ்வுகள் எல்லாவற்றுக்கும் முந்தைய நிகழ்விலிருந்து உள்ள நேர வேறுபாடு பூஜ்ஜியமாகவே பதிவாகும். அதாவது இண்டரப்ட் எவ்வளவு நேரம் ஓடியது என்பது பதிவிலிருந்து மறைந்துவிடும். இன்றைய முறை அந்தக் குறையைத் தீர்க்கிறது. நீங்கள் சொந்தமாக ஒரு பஃபர் எழுதினாலும், கர்னலில் உள்ளதைப் படித்துப் புரிந்துகொள்ள விரும்பினாலும் கீழே உள்ள வரிசையிலேயே செல்வது நல்லது.

எதை நம்பலாம் என்பதை முதலில் வரையறுங்கள்

ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி பஃபர் ஒதுக்குங்கள். ஒரு சிபியுவின் பஃபரில் அந்த சிபியு மட்டுமே எழுத வேண்டும். எழுதுபவர்களிடையே போட்டி அப்போதும் முழுதாக மறையாது, ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். சாதாரண நிரலை சாஃப்ட் இண்டரப்டும், அதை வன்பொருள் இண்டரப்டும், அதையும் என்எம்ஐயும் குறுக்கிடலாம். ஆனால் குறுக்கிட்டவர் தன் வேலையை முழுதாக முடித்த பிறகே குறுக்கிடப்பட்டவர் தொடர முடியும். இரண்டு எழுதுபவர்கள் ஒரே நேரத்தில் மாறி மாறி ஓடுவது என்பது இங்கே நிகழவே நிகழாது. கீழே வரும் ஒவ்வொரு வாதமும் இந்த அடுக்கு ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. பல சிபியுக்கள் ஒரே பஃபரில் எழுதும் அமைப்புக்கு இந்த முறையை அப்படியே எடுத்துச் சென்றால் அது உடைந்துபோகும்.

இந்த ஒழுங்கு தரும் இன்னொரு நன்மை விலை. எழுதும் இடத்தைக் காட்டும் எண்ணை வேறு சிபியு தொடாது என்பதால், எக்ஸ்86 போன்ற செயலிகளில் மற்றச் சிபியுக்களைத் தடுக்கும் லாக் முன்னொட்டு இல்லாத ஒற்றைக் கூட்டல் கட்டளையே போதுமானது.

கடிகாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடிகாரம் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். ஒரே சிபியுவுக்குள் அது பின்னோக்கிப் போகக் கூடாது. என்எம்ஐக்குள்ளிருந்து படித்தாலும் முடங்கக் கூடாது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் படிக்கப்படுவதால் மலிவாக இருக்க வேண்டும். கர்னலில், டிரேசிங் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் டிரேஸ்எஃப்எஸ் அடைவிலுள்ள டிரேஸ்_கிளாக் என்னும் கோப்பைப் படித்தால் கிடைக்கும் கடிகாரங்களின் பட்டியல் வரும். நடப்பில் உள்ளது சதுர அடைப்புக்குள் இருக்கும். இயல்பாக அமைவது லோக்கல்: வேகமானது, ஆனால் வெவ்வேறு சிபியுக்களின் நேரங்கள் துல்லியமாக ஒத்துப்போகும் என்ற உறுதி அதில் இல்லை. குளோபல் என்பது எல்லாச் சிபியுக்களுக்கும் பொதுவான, முன்னோக்கி மட்டுமே செல்லும் நேரத்தைத் தர முயல்கிறது. அதற்கு ஈடாகச் சற்று மெதுவாகிறது. தொடக்கத்தின்போது சிபியுக் கடிகாரம் நிலையற்றது என்று கர்னல் கண்டறிந்தால் தானாகவே குளோபலுக்கு மாறிவிடும். நிகழ்வுகளின் வரிசை மட்டும் தெரிந்தால் போதும், கால அளவு வேண்டாம் என்றால் கவுண்டர் என்னும் வெறும் எண்ணி உண்டு. மானோ, மானோ_ரா, பூட், டாய் ஆகியவை மற்றப் பதிவுகளோடு நேரத்தை ஒப்பிட உதவுகின்றன. இவற்றில் பூட் என்பது கணினி உறங்கிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும்.

கடிகாரத்தை நடுவில் மாற்றினால் கர்னல் பஃபரைத் துடைத்துவிடுகிறது. இது சரியான முடிவு. உங்கள் பஃபரிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டு கடிகாரங்களின் எண்கள் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டால் அவற்றைப் பிரித்தெடுக்க எந்த வழியும் இருக்காது.

நிகழ்வின் தலைப்பை வடிவமையுங்கள்

ஒவ்வொரு நிகழ்விலும் 64 பிட் நேரத்தை முழுதாக எழுதுவது இடத்தை வீணாக்கும். பெரும்பாலான நிகழ்வுகள் முந்தைய நிகழ்வுக்குச் சில மைக்ரோ விநாடிகளுக்குள் வந்துவிடுவதால் வேறுபாட்டை மட்டும் எழுதினால் போதும். கர்னலில் நிகழ்வின் தலைப்பு மொத்தம் 32 பிட். அதில் வகையையும் நீளத்தையும் குறிக்க 5 பிட், நேர வேறுபாட்டுக்கு 27 பிட். அந்த 5 பிட் எண் 1 முதல் 28 வரை இருந்தால் அது நான்கு பைட் அலகில் தரவின் நீளம். ஆகவே 112 பைட் வரையுள்ள தரவுக்குத் தனி நீளப் புலம் தேவையில்லை. 0 என்றால் நீளம் அடுத்த 32 பிட்டில் இருக்கிறது. 29 நிரப்பு (தரவில்லாத வெற்றிடம்), 30 நீட்டித்த வேறுபாடு, 31 முழு நேர முத்திரை.

27 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய வேறுபாடு 13,42,17,727. நானோ விநாடிக் கடிகாரத்தில் இது சுமார் 134 மில்லி விநாடி. அதற்கு மேல் அமைதி நிலவியிருந்தால், நிகழ்வுக்கு முன்பாக 8 பைட் கொண்ட ஒரு நீட்டிப்பு எழுதப்படுகிறது. 27 பிட்டும் அடுத்த 32 பிட்டும் சேர்ந்து 59 பிட் ஆகின்றன, இது 18 ஆண்டுகளைத் தாண்டும். கடிகாரத்தின் அலகு மாறினால் இந்த எல்லைகளும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். செயலியின் சுழற்சிகளை நேரடியாகத் தரும் எக்ஸ்86-டிஎஸ்சி கடிகாரத்தில், 3 கிகாஹெர்ட்ஸ் செயலியில் 27 பிட் சுமார் 45 மில்லி விநாடியிலேயே நிரம்பிவிடும். நீட்டிப்புகள் அடிக்கடி வரும்.

வேறுபாடுகளின் சங்கிலி எங்காவது தொடங்க வேண்டும். பஃபர் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 64 பிட் முழு நேரமும், எதுவரை எழுதி முடிக்கப்பட்டது என்ற எண்ணும் வைக்கப்படுகின்றன. 4096 பைட் பக்கத்தில் 64 பிட் கணினியில் இதற்கு 16 பைட் போக 4080 பைட் மீதம். பக்கத்துக்கு ஒரு முழு நேரம் என்பதைச் சிக்கனம் கருதிக் கைவிட்டுவிடாதீர்கள். பஃபர் நிரம்பிப் பழைய பக்கங்களை மேலெழுதும்போது, அந்தப் பக்கங்களோடு அவற்றின் வேறுபாடுகளும் அழிகின்றன. மிஞ்சிய பக்கங்கள் தத்தம் நேரத்திலிருந்து தாமே தொடங்குவதால்தான் பதிவு பிழைக்கிறது.

இரண்டு முத்திரைகளை வைத்திருங்கள்

இனிதான் நுட்பமான பகுதி. வேறுபாட்டைக் கணக்கிட, பஃபரில் கடைசியாக உள்ள நிகழ்வின் நேரம் தெரிய வேண்டும். அதை ஒரே மாறியில் வைத்தால், அந்த மாறி இப்போது பஃபரின் கடைசி நிகழ்வைத்தான் குறிக்கிறதா, அல்லது யாரோ அதை மாற்றும் நடுவழியில் நாம் குறுக்கிட்டோமா என்று சொல்ல முடியாது. எனவே இரண்டு மாறிகள் வேண்டும். இடம் பிடிக்கும் முன்பு எழுதப்படுவதை முன்முத்திரை என்றும், இடம் பிடித்த பின்பு எழுதப்படுவதைப் பின்முத்திரை என்றும் அழைக்கிறேன். கர்னல் நிரலில் இவை பிஃபோர்_ஸ்டாம்ப், ரைட்_ஸ்டாம்ப் என்ற பெயர்களில் உள்ளன. இரண்டும் சமமாக இருந்தால் பின்முத்திரையை நம்பலாம். வேறுபட்டால், நம்பாமல் முழு நேரத்தை எழுத வேண்டும். இந்த ஒரு விதியே முழு முறையின் முதுகெலும்பு.

எழுதும் பாதையை நான்கு புள்ளிகளாகப் பிரித்துக்கொள்வோம்.

அ: பக்கத்தில் எழுதும் இடத்தைக் காட்டும் எண்ணைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே முன்முத்திரையையும் பின்முத்திரையையும் படியுங்கள், அதன் பிறகே கடிகாரத்தைப் படியுங்கள். இந்த வரிசையைக் கம்பைலர் மாற்றிவிடாதபடி நடுவில் தடுப்புகள் இடுங்கள். எழுதும் இடத்தை முதலில் படிப்பது கட்டாயம். முத்திரைகளைப் படித்த பிறகு அதைப் படித்தால், இரண்டுக்கும் நடுவில் நுழைந்த நிகழ்வு நம் கண்ணில் படாமலே போய்விடும். இப்போது முத்திரைகள் சமமானால் வேறுபாட்டைக் கணக்கிட்டு, அது 27 பிட்டில் அடங்காவிட்டால் நீட்டிப்புக்காக 8 பைட் கூடுதலாகக் கேளுங்கள். சமமில்லையென்றால் முழு நேரத்துக்காக அதே 8 பைட்டைக் கேளுங்கள். பக்கத்தின் முதல் நிகழ்வு என்றால் எதுவும் வேண்டாம். பக்கத்தின் நேரமே அதன் நேரம்.

ஆ: நாம் படித்த நேரத்தை முன்முத்திரையில் எழுதுங்கள்.

இ: எழுதும் இடத்தோடு நமக்கு வேண்டிய நீளத்தை அட்டாமிக்காகக் கூட்டுங்கள். கூட்டலின் விளைவிலிருந்து நம் நீளத்தைக் கழித்தால் நமக்குக் கிடைத்த இடத்தின் தொடக்கம் தெரியும்.

ஈ: அந்தத் தொடக்கம், அ-வில் படித்த எண்ணுக்குச் சமமானால் நடுவில் யாரும் எழுதவில்லை. நம் நேரத்தைப் பின்முத்திரையில் எழுதிவிட்டு, வேறுபாட்டையோ முழு நேரத்தையோ நிகழ்வில் பதியுங்கள்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கடைசி நிகழ்வின் நேரம் 5000; இரண்டு முத்திரைகளும் 5000; எழுதும் இடம் 200. நம் நிகழ்வு 16 பைட் நீளம், கடிகாரம் 5040 காட்டுகிறது. குறுக்கீடு இல்லையென்றால் முன்முத்திரை 5040 ஆகிறது, எழுதும் இடம் 216 ஆகிறது, தொடக்கம் 200 என்பதால் பின்முத்திரையும் 5040 ஆகிறது, நிகழ்வில் 40 பதிவாகிறது.

இப்போது இ-க்கும் ஈ-க்கும் நடுவில் ஓர் இண்டரப்ட் வருகிறது என்று கொள்வோம். நமக்கு 200 முதல் 216 வரை இடம் கிடைத்துவிட்டது. முன்முத்திரை 5040, பின்முத்திரை இன்னும் 5000. இண்டரப்டில் பிறந்த நிகழ்வு இவை வேறுபடுவதைக் காண்கிறது, ஆகவே முழு நேரத்துக்கு இடம் கேட்டு 5100 என்று பதிகிறது. இரண்டு முத்திரைகளையும் 5100 ஆக்கிவிட்டுத் திரும்புகிறது. நாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பின்முத்திரையில் 5040 என்று எழுதுகிறோம். அது பழைய நேரம்தான், ஆனால் தீங்கில்லை: முன்முத்திரை 5100, பின்முத்திரை 5040 என்று இரண்டும் வேறுபட்டு நிற்பதால் அடுத்து வருபவர் பின்முத்திரையை நம்பமாட்டார், முழு நேரத்தை எழுதி இரண்டையும் மீண்டும் சமமாக்கிவிடுவார். நம் நிகழ்வின் 40-உம் சரி, இண்டரப்டின் 5100-உம் சரி. தவறான நிலையைத் தடுக்க முயலாமல், அது தவறு என்று அடுத்தவருக்குத் தெரியும்படி விட்டுவைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பூட்டில்லா நிரலில் இதுபோன்ற சிந்தனைதான் நெடுங்காலம் நிலைக்கிறது.

மெதுவான பாதை

ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில் இண்டரப்ட் வந்தால் கதை வேறு. முன்முத்திரையில் 5040 எழுதிவிட்டோம், இடம் இன்னும் பிடிக்கவில்லை. இண்டரப்டின் நிகழ்வு முத்திரைகள் வேறுபடுவதைக் கண்டு, கூடுதல் 8 பைட்டோடு 24 பைட் கேட்டு, 200 முதல் 224 வரை எடுத்துக்கொண்டு 5100 என்ற முழு நேரத்தைப் பதிந்துவிட்டுப் போகிறது. நாம் திரும்பி வந்து இடம் கேட்டால் 224 முதல் 240 வரை கிடைக்கிறது. தொடக்கம் 224, நாம் அ-வில் படித்ததோ 200. நாம் கையில் வைத்திருக்கும் 5040 இப்போது பயனற்றது. அதைப் பதிந்தால் 5100-க்குப் பின்னால் 5040 வரும்.

இந்த நிலையில் செய்ய வேண்டியது இது. முன்முத்திரையின் இப்போதைய மதிப்பைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அது 5100. கடிகாரத்தை மீண்டும் படியுங்கள், 5130 என்று கொள்வோம். அதை முன்முத்திரையில் எழுதுங்கள். இதனால் இனி வருபவர் எவரும் முழு நேரத்துக்கே தள்ளப்படுவார். பிறகு பின்முத்திரையைப் படியுங்கள். இதை உ என்போம். அதன் பின் எழுதும் இடம் இன்னும் நம் நிகழ்வின் முடிவான 240-இலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இதை ஊ என்போம். அப்படி நின்று, படித்து வைத்த முன்முத்திரையும் பின்முத்திரையும் சமமாக இருந்து, அவை புதிய நேரத்தைவிடக் குறைவாகவும் இருந்தால், வேறுபாடு 5130-இலிருந்து 5100-ஐக் கழித்த 30.

இந்த மூன்றில் ஒன்று பொய்த்தாலும் வேறுபாட்டைப் பூஜ்ஜியமாகப் பதியுங்கள். எடுத்துக்காட்டாக, நம்மைக் குறுக்கிட்ட இண்டரப்டையே அதன் இ-க்கும் ஈ-க்கும் நடுவில் ஒரு என்எம்ஐ குறுக்கிட்டிருந்தால், முன்முத்திரையில் என்எம்ஐயின் நேரமும் பின்முத்திரையில் இண்டரப்டின் நேரமும் கிடக்கும். நமக்கு உடனடியாக முன்னால் இருப்பது என்எம்ஐயின் நிகழ்வு. அதன் நேரத்தை உறுதியாகச் சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. முழு நேரத்தை எழுதலாமே என்றால் அதற்கான 8 பைட்டை நாம் கேட்டிருக்கவில்லை. இ-யைக் கடந்த பிறகு நீளத்தை மாற்ற முடியாது, ஏனென்றால் நமக்குப் பின்னால் வேறு நிகழ்வு அமர்ந்திருக்கலாம். பூஜ்ஜியம் என்றால் முந்தைய நிகழ்வின் நேரமே நமக்கும் என்று பொருள். அது சற்றே துல்லியம் குறைந்த பதிவுதான், ஆனால் வரிசையைக் குலைக்காத பதிவு. இங்கே ஊகித்து ஒரு வேறுபாட்டை எழுதும் ஆசைக்கு ஒருபோதும் இடம் தராதீர்கள். வேறுபாடுகள் சங்கிலியாகக் கூட்டப்படுவதால், ஒரு தவறான எண் அந்தப் பக்கத்தில் அடுத்த முழு நேரம் வரும்வரை எல்லா நிகழ்வுகளையும் தள்ளிவைத்துவிடும்.

இதே சிக்கலுக்கு வேறு தீர்வும் உண்டு. எல்டிடிஎன்ஜி என்னும் டிரேசர், கடிகாரத்தைப் படித்து, ஒப்பிட்டு மாற்றும் கட்டளையால் (மதிப்பு முன்பு படித்ததாகவே இருந்தால் மட்டும் மாற்றுவது) இடம் பிடிக்க முயன்று, தோற்றால் கடிகாரத்தையும் சேர்த்து மீண்டும் படிக்கும் சுழற்சியைப் பயன்படுத்துகிறது. புரிந்துகொள்ள அது எளிது. புதிதாக எழுதுபவருக்கு நான் அதையே முதலில் பரிந்துரைப்பேன். நிபந்தனையற்ற கூட்டலைக் கொண்ட கர்னலின் முறை சுழற்சியைத் தவிர்க்கிறது, அதற்கு விலையாக மேலே கண்ட மெதுவான பாதையைச் சுமக்கிறது.

பக்கம் மாறும்போதும் நிகழ்வைக் கைவிடும்போதும்

இ-யில் கூட்டிய பிறகு பக்கத்தின் எல்லையைத் தாண்டிவிட்டால், மீதமுள்ள இடத்தை நிரப்பாகக் குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்து அ-விலிருந்து மீண்டும் தொடங்குங்கள். முத்திரைக்காகக் கேட்ட கூடுதல் 8 பைட்டை நீளத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முயற்சியிலும் நீளம் வளர்ந்துகொண்டே போகும். புதிய பக்கத்தின் தொடக்கத்தை உண்மையில் பிடித்தவர் எவரோ அவரே பக்கத்தின் நேரத்தை எழுத வேண்டும். கர்னல் இந்த மறுமுயற்சிகளுக்கு 1000 என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் எச்சரிக்கை விடுத்து நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட காப்பு உங்களிடமும் இருக்கட்டும்.

வடிகட்டியில் தேறாத நிகழ்வைக் கைவிடும்போது கவனம் தேவை. அதுவே கடைசி நிகழ்வு என்றால் எழுதும் இடத்தைப் பின்னுக்கு நகர்த்தி இடத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் பின்முத்திரையோ இனி பஃபரில் இல்லாத ஒரு நிகழ்வின் நேரத்தைச் சுமந்து நிற்கிறது. அடுத்த நிகழ்வு அதிலிருந்து வேறுபாட்டைக் கணக்கிட்டால் கைவிட்ட நிகழ்வின் வேறுபாடு சங்கிலியிலிருந்து காணாமல் போகும். கர்னல் இதற்குச் செய்வது எளிய, அழகான காரியம்: முன்முத்திரையைப் பூஜ்ஜியமாக்கிவிடுகிறது. இரண்டும் சமமாக இருக்க வாய்ப்பில்லாததால் அடுத்தவர் முழு நேரத்தை எழுதுகிறார். இடத்தைத் திரும்பப் பெற முடியாத அளவுக்குப் பின்னால் வேறு நிகழ்வுகள் வந்துவிட்டால், கைவிட்டதை நிரப்பாக மாற்றுங்கள். நேர வேறுபாடு பூஜ்ஜியமான நிரப்பு, பக்கம் அங்கே முடிந்தது என்பதற்கான அடையாளமாகையால், கைவிட்ட நிகழ்வின் வேறுபாடு பூஜ்ஜியமாக இருந்தால் கர்னல் அதை 1 என்று மாற்றுகிறது.

வாசிக்கும் பக்கம்

வாசிப்பவர் பக்கத்தின் நேரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நிகழ்வின் வேறுபாட்டையும் நீட்டிப்பையும் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும். முழு நேரம் வந்தால் கூட்டாமல் அதையே ஏற்க வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முழு நேரத்துக்கும் 59 பிட்தான் இடம். மேல் 5 பிட்டுகள் எழுதப்படுவதில்லை. கணினி தொடங்கியதிலிருந்து எண்ணும் கடிகாரங்களுக்கு இது பிரச்சினையில்லை. ஆனால் டாய் கடிகாரம் 1970-இலிருந்து நானோ விநாடிகளை எண்ணுவதால் 59 பிட்டை எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே மேல் 5 பிட்டுகளைப் பக்கத்தின் நேரத்திலிருந்து எடுத்து ஒட்டுங்கள். ஒட்டிய பின் கிடைப்பது முந்தைய நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் நடுவில் 59 பிட் எல்லை கடக்கப்பட்டிருக்கிறது, எனவே அந்த எல்லைக்குரிய எண்ணை ஒருமுறை கூட்டிக்கொள்ளுங்கள்.

டிரேஸ்_பைப்_ரா கோப்பிலிருந்து பக்கங்களை நேரடியாக எடுத்துப் பகுக்கும் கருவியை எழுதுபவர்கள், இந்தப் பிட் கணக்குகளைத் தம் நிரலில் உறையவைக்காமல், ஈவென்ட்ஸ் அடைவிலுள்ள ஹெடர்_பேஜ், ஹெடர்_ஈவென்ட் கோப்புகளிலிருந்து படித்துக்கொள்வது நல்லது. பக்கத் தலைப்பிலுள்ள அளவு எண்ணின் மேல் பிட்டுகளில், இதற்கு முன் நிகழ்வுகள் தவறிப்போயின என்ற குறியும் வரலாம். அதை மறைத்த பிறகே அளவாகக் கொள்ள வேண்டும்.

எல்லாச் சிபியுக்களின் பஃபர்களையும் ஒரே வரிசையாகக் காட்டும்போது, ஒவ்வொன்றின் அடுத்த நிகழ்வுகளிலும் நேரம் குறைந்ததை எடுத்துக்கொண்டே செல்வதுதான் வழி. லோக்கல் கடிகாரத்தில் இப்படிச் சேர்த்த வரிசை, மிக நெருங்கிய நிகழ்வுகளுக்கு நம்பத்தக்கதல்ல. ஒரு சிபியு மற்றொன்றை எழுப்பும் காட்சியில், எழுந்த பிறகு எழுப்பியது போலத் தெரிந்தால் திட்டமிடல் நிரலில் பிழை தேடுவதற்கு முன்பு கடிகாரத்தைக் குளோபலுக்கு மாற்றிப் பாருங்கள்.

32 பிட் கணினிகள்

64 பிட் எண்ணை ஒரே கட்டளையில் எழுத முடியாத கணினியில், முத்திரையின் பாதி எழுதப்பட்ட நிலையில் இண்டரப்ட் வரலாம். கர்னல் பல ஆண்டுகளாக முத்திரையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சில பிட்டுகளில் ஓர் எண்ணியை வைத்து, எண்ணிகள் ஒத்துப்போனால் மட்டுமே மதிப்பை ஏற்றது. அந்த நிரல் சிக்கலானது. 2023 டிசம்பரில் எழுதப்பட்ட திருத்தங்களில் நீக்கப்பட்டு, பொதுவான 64 பிட் உள்ளூர் மாறிக்கு (ஒரு சிபியு மட்டுமே மாற்றும் மாறி) வழிவிட்டது. ஒப்பிட்டு மாற்றும் கட்டளையை என்எம்ஐக்குள் பாதுகாப்பாகச் செய்ய இயலாத கட்டமைப்புகளில், என்எம்ஐயிலிருந்து வரும் நிகழ்வைப் பதியாமலே விட்டுவிடுவது என்ற முடிவும் அப்போதே எடுக்கப்பட்டது. சில கட்டமைப்புகளில் சில நிகழ்வுகளை இழப்பது, எல்லாக் கட்டமைப்புகளிலும் புரியாத நிரலைச் சுமப்பதைவிட மேல் என்பதே என் கருத்தும்.

சரிபார்ப்பது

மேலே கண்ட குறுக்கீடுகள் சாதாரண ஓட்டத்தில் அரிதாகவே நிகழும். ஆகவே அவற்றை வலிந்து உண்டாக்க வேண்டும். ஃபங்ஷன் டிரேசரை இயக்கி ஒவ்வொரு கர்னல் செயற்கூறின் நுழைவையும் பதியவைத்து, அதே வேளையில் பெர்ஃப் கருவியைக் கொண்டு எல்லாச் சிபியுக்களிலும் வன்பொருள் சுழற்சி எண்ணியை உயர்ந்த அதிர்வெண்ணில் மாதிரியெடுக்கச் செய்யுங்கள். எக்ஸ்86 கணினிகளில் இந்த மாதிரிகள் என்எம்ஐயாக வருவதால், எழுதும் பாதையின் எல்லாப் புள்ளிகளிலும் குறுக்கீடுகள் விழத் தொடங்கும். கர்னலை ரிங்_பஃபர்_வேலிடேட்_டைம்_டெல்டாஸ் என்ற அமைப்போடு கட்டினால், நிகழ்வு சேரும்போது பக்கத்தின் வேறுபாடுகள் அனைத்தும் கூட்டிப் பார்க்கப்பட்டு, கணக்கு பிசகினால் எச்சரிக்கை வரும். இது பஃபரை மிகவும் மெதுவாக்கும் என்பதால் சோதனைக்கு மட்டுமே உரியது. சொந்தப் பஃபர் எழுதுபவர்கள் இப்படி ஒரு சோதனையை முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பின்னால் சேர்க்க முயலும்போது எந்த மாற்றத்தில் பிழை புகுந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிடும்.

உண்மையான கணினியில் கர்னல் பதிவில் டெல்டா மிகப் பெரிது என்ற எச்சரிக்கை தோன்றினால், வேறுபாடு 59 பிட்டையும் மீறியிருக்கிறது என்று பொருள். இரண்டு பெரும் நேரங்களைக் கழித்ததில் எதிர்மறை விடை வந்து, அது குறியற்ற எண்ணாக மாபெரும் மதிப்பாகத் தெரிவதே பெரும்பாலும் காரணம். அதாவது கடிகாரம் பின்னோக்கிப் போயிருக்கிறது. கணினி உறங்கி எழுந்தவுடன் இது வந்திருந்தால் குளோபல் கடிகாரத்துக்கு மாறும்படி அந்த எச்சரிக்கையே சொல்கிறது. தொடக்கத்திலிருந்தே வேண்டுமென்றால் கர்னலின் தொடக்க வரியில் டிரேஸ்_கிளாக் அளவுருவாகக் கொடுக்கலாம். உறக்கம் இல்லாத கணினியில் வந்திருந்தால், ஒவ்வொரு சிபியுவின் அடைவிலும் உள்ள ஸ்டாட்ஸ் கோப்பைத் திறந்து, மிகப் பழைய நிகழ்வின் நேரத்தையும் இப்போதைய நேரத்தையும் சிபியுக்களுக்கிடையே ஒப்பிடுங்கள். ஒரு சிபியுவின் இப்போதைய நேரம் மட்டும் மற்றவற்றிலிருந்து தனித்து விலகி நின்றால் கோளாறு அதன் கடிகாரத்தில்தான் இருக்கும்; எல்லாச் சிபியுக்களின் நேரமும் ஒத்துப்போய், எச்சரிக்கை மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், முத்திரைகளைக் கையாளும் நிரலை மேற்சொன்ன புள்ளிகளின் வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.